கிருமியின் உறவுகளும் கணிப்பொறியின் பதிவேடுகளும்

காசநோய் நம் நாட்டின் பழம்பகை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் புதிதாகக் காசநோய்க்கு ஆளானோரில் ஏறத்தாழ 26 சதவீதத்தினர் இந்தியர். இந்நோய்க்கு மருந்து இல்லாமல் இல்லை. 1952 முதல் ஐசோனியசிட்டும், 1960களின் பிற்பகுதி முதல் ரிஃபாம்பிசினும் எண்ணற்றோரைக் காத்து வந்துள்ளன. ஆயினும் இவ்விரு மருந்துகளுக்கும் கட்டுப்படாத கிருமிகள் தோன்றிவிட்டமையால் புதிய மருந்துகள் தேவைப்படுகின்றன. புதிய மருந்து வேண்டுமெனில், கிருமியின் உடலில் எந்தப் புரதத்தைத் தாக்கினால் அது மாளும் என்பது முதலில் தெரிதல் வேண்டும். ஒரு புரதத்தை இலக்கு எனத் தேர்ந்தெடுத்தபின் மருந்து நோயாளியின் கைக்கு வந்து சேரப் பத்தாண்டுகளுக்கு மேலும் ஆகலாம். தேர்வு பிழையாயின் அத்தனை ஆண்டுகளும் அவற்றில் செலவிட்ட பொதுப் பணமும் வீண். ஆகவே இத்தேர்வை எதன் அடிப்படையில் செய்கிறோம் என்பது ஆய்வுக்கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் முடங்கிவிடும் வினா அன்று.

காசநோய்க் கிருமியின் முழு மரபணுத் தொகுதியும் 1998ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. இங்கிலாந்தின் சாங்கர் மையமும் பாரிசின் பாஸ்டர் நிறுவனமும் சேர்ந்து செய்த பணி அது. ஏறத்தாழ 44 இலட்சம் எழுத்துகள். சுமார் 4,000 மரபணுக்கள். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கிருமி வகையின் பெயர் எச்37ஆர்வி. 1905இல் அமெரிக்காவில் ஒரு நோயாளியிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்பட்டு வரும் வகை இது. இதன் ஒவ்வொரு மரபணுவுக்கும் ‘ஆர்.வி.’ எனத் தொடங்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இந்த எண், பின்னால் நாம் காணப்போகும் அனைத்துக்கும் அடிப்படையாக அமைகிறது.

பட்டியல் கிடைத்துவிட்டது. ஆனால் பட்டியல் மட்டும் கிருமியை விளக்கிவிடாது. ஓர் அலுவலகத்தின் பணியாளர் பெயர்ப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அங்கே கோப்பு எவ்வாறு நகர்கிறது என்று சொல்லிவிட முடியுமா? யார் யாரிடம் கோப்பை அனுப்புகிறார், யார் கையொப்பமிட்டால் யார் செயற்படுகிறார் என்பது தெரிந்தால்தான் அலுவலகம் புரியும். உயிரணுவும் அத்தகையதே. புரதங்கள் தனித்து இயங்குவதில்லை. ஒன்றோடொன்று ஒட்டியும், ஒன்றை ஒன்று தூண்டியும் தடுத்தும், ஒன்று உண்டாக்கிய பொருளை மற்றொன்று பெற்றுக்கொண்டும் இயங்குகின்றன. இவ்வுறவுகளைத் திரட்டி வலையாக வரைந்து ஆராயும் முறையே மூலக்கூறு வலையமைப்புப் பகுப்பாய்வு. உயிர்த்தகவலியல் என்னும் துறையில் கடந்த கால் நூற்றாண்டில் வேகமாக வளர்ந்த பகுதிகளுள் இது ஒன்று.

வலைகளின் படங்களைப் பலர் பார்த்திருக்கலாம். நூற்றுக்கணக்கான புள்ளிகள், ஆயிரக்கணக்கான கோடுகள், கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள்! ஆனால் அந்தப் படம் எந்தப் பதிவேட்டிலிருந்து வரையப்பட்டது என்று கேட்போர் குறைவு. இக்கட்டுரை அந்தப் பதிவேட்டைப் பற்றியே அதிகம் பேசும்.

ஒரு மருந்து, இரு புரதங்கள்

உறவு என்பதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் தெளிவாக்கலாம். ஐசோனியசிட் உள்ளே செல்லும்போது வீரியமற்ற பொருள். கிருமியின் கேட்-ஜி என்னும் நொதியே அதைச் செயலூக்கம் பெறச் செய்கிறது. செயலூக்கம் பெற்ற பொருள், உயிரணுவிலுள்ள என்.ஏ.டி. என்னும் துணைப் பொருளோடு சேர்ந்து, இன்ஹெச்-ஏ என்னும் மற்றொரு நொதியை முடக்குகிறது. கிருமியின் மேலுறைக்கு உறுதி தரும் மைக்கோலிக் அமிலம் உருவாக இன்ஹெச்-ஏ இன்றியமையாதது. அது முடங்கவே உறை சிதைந்து கிருமி மடிகிறது.

இங்கே மருந்தின் இலக்கு இன்ஹெச்-ஏ. ஆனால் ஐசோனியசிட்டை எதிர்த்து நிற்கும் கிருமிகளில் பெரும்பாலானவற்றை ஆராய்ந்தால், மாற்றம் நிகழ்ந்திருப்பது கேட்-ஜி மரபணுவில்! எதிரி தன் கருவூலத்துக்குப் புதுப் பூட்டுப் போடவில்லை. நம் ஆளுக்குக் கதவைத் திறந்துவிட்ட வாயிற்காவலனை மாற்றிவிட்டான். இன்ஹெச்-ஏவை மட்டும் தனித்து ஆராய்ந்துகொண்டிருப்பவருக்கு இது புலப்படாது. மருந்து, கேட்-ஜி, இன்ஹெச்-ஏ ஆகிய மூன்றையும் இணைக்கும் கோடுகளைப் பார்ப்பவருக்கே புலப்படும்.

பதிவேட்டின் இலக்கணம்

இத்தகைய உறவுகள் ஆயிரக்கணக்கில் ஆய்விதழ்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தொகுத்து வைக்க உதவுவது உறவுசார் தரவுத்தளம். ரிலேஷனல் டேட்டாபேஸ் என்று கணிப்பொறித் துறையினர் வழங்குவது இதனையே.

இதன் கோட்பாட்டை வகுத்தவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றிய கணித அறிஞர். 1970இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்கு முன், கணிப்பொறியில் ஒரு செய்தியைத் தேட வேண்டுமானால் அது எந்தக் கிளையின் கீழ், எந்தச் சுட்டியைப் பின்பற்றிச் சென்றால் கிடைக்கும் என்பதை நிரல் எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும். கிடங்கின் வழிகளைக் காவலாளி மட்டுமே அறிந்திருந்த நிலை எனலாம். காட் சொன்னது எளிய கருத்து. செய்திகள் அனைத்தையும் அட்டவணைகளாக எழுதுக. ஒவ்வொரு நிரையும் ஓர் உண்மையைக் கூறட்டும். அட்டவணைகளைப் பொது எண்களால் பிணைக்கலாம். என்ன வேண்டும் என்று கேட்டால் போதும், எவ்வாறு எடுப்பது என்பதைக் கணிப்பொறி பார்த்துக்கொள்ளும். இக்கருத்தினின்றும் 1974இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் உருவாக்கிய வினாமொழியே பின்னர் எஸ்.க்யூ.எல். எனப் பெயர் பெற்று இன்றளவும் வழங்குகிறது. காட் 1981இல் கணிப்பொறித் துறையின் உயர்ந்த விருதான டூரிங் விருதைப் பெற்றார்.

அரசு அலுவலர்களுக்கு இக்கருத்து அந்நியமானதன்று. ஓர் ஊழியரின் முகவரி ஊதியப் பதிவேட்டிலும், விடுப்புப் பதிவேட்டிலும், சேமநிதிப் பதிவேட்டிலும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தால் என்ன ஆகும்? அவர் வீடு மாறும்போது இரண்டில் திருத்துவார்கள், மூன்றாவதை மறப்பார்கள். முகவரியை ஓரிடத்தில் மட்டும் எழுதி, மற்றப் பதிவேடுகளில் ஊழியரின் எண்ணை மட்டும் குறித்தால் இத்தொல்லை இல்லை. ஓர் உண்மை ஓரிடத்தில் மட்டுமே என்பதுதான் உறவுசார் தரவுத்தளத்தின் உயிர்நாடி.

இனிக் காசநோய்க் கிருமிக்கு வருவோம். முதல் அட்டவணை புரதங்களுடையது: ஆர்.வி.1484 என்பது இன்ஹெச்-ஏ, ஆர்.வி.1908சி என்பது கேட்-ஜி, ஆர்.வி.0667 என்பது ரிஃபாம்பிசின் தாக்கும் ஆர்.பி.ஓ.-பி. ஒவ்வொன்றுக்கும் பெயர், நீளம், தெரிந்த பணி ஆகியன. இரண்டாவது அட்டவணை உறவுகளுடையது. அதில் பெயர்கள் இரா. இரு புரதங்களின் எண்களும் உறவின் வகையும் மட்டுமே இருக்கும். மூன்றாவது அட்டவணை சான்றுகளுடையது: எந்த உறவு, எந்த ஆய்விதழ்க் கட்டுரையில், எந்தச் செய்முறையால் காணப்பட்டது என்பது அதில் பதிவாகும். சான்றுக்கு ஏன் தனி அட்டவணை? ஓர் உறவை ஐந்து ஆய்வுகள் உறுதி செய்திருக்கலாம். மற்றோர் உறவுக்கு ஒரே ஆய்வுதான் ஆதாரமாக இருக்கலாம். சான்றை உறவோடு ஒரே நிரையில் எழுதினால் முதல் உறவு ஐந்து முறை எழுதப்பட்டு, ஐந்து உறவுகளாக எண்ணப்படும் இடர் உண்டு.

இவ்வாறு அமைத்தபின் கேள்வி கேட்பது எளிது. ‘இன்ஹெச்-ஏவோடு உறவுடையனவும், அவ்வுறவுக்குக் குறைந்தது இரு வேறு செய்முறைகளின் சான்று உள்ளனவுமான புரதங்கள் யாவை?’ என்று கேட்டால், மூன்று அட்டவணைகளையும் எண்களால் பிணைத்துக் கணிப்பொறி விடை தரும். மேலும், முதல் அட்டவணையில் இல்லாத ஒரு புரத எண்ணை இரண்டாவது அட்டவணையில் எழுத முயன்றால் தரவுத்தளம் அதை ஏற்க மறுக்கும்படி விதி செய்யலாம். பதிவேடு தானே தன்னைக் காக்கும் திறன் இது.

இந்தக் காவல் இல்லாத இடத்தில் நேர்ந்தது வேடிக்கையும் வேதனையும் கலந்த கதை. மனித மரபணுக்களுள் சிலவற்றுக்குச் ‘செப்ட்2’, ‘மார்ச்1’ என்பன போன்ற குறியீட்டுப் பெயர்கள் இருந்தன. ஆய்வாளர்கள் இவற்றை எக்செல் தாளில் தட்டியதும் அது அவற்றைச் செப்டம்பர் 2, மார்ச் 1 எனத் தேதிகளாக மாற்றிவிட்டது. எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. முடிவில், மென்பொருளை மாற்ற இயலாத நிலையில், 2020இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றினர்! நிரலில் இன்ன வகைச் செய்திதான் இருக்கலாம் என்று முன்கூட்டியே வரையறுக்கும் தரவுத்தளத்தில் இவ்விபத்து நேர்ந்திராது.

அட்டவணையிலிருந்து வலைக்கு

உறவு அட்டவணையின் ஒவ்வொரு நிரையும் வலையில் ஒரு கோடு. ஒவ்வொரு புரதமும் ஒரு கணு. ஆகவே அட்டவணையும் வலையும் ஒன்றே. பார்க்கும் விதம்தான் வேறு. ஒரு புரதத்தின் அண்டை யாவை என்று அறிய உறவு அட்டவணையை ஒரு முறை தேடினால் போதும். அண்டையின் அண்டையை அறிய, அதே அட்டவணையைத் தன்னோடு தானே பிணைக்க வேண்டும். நான்கு, ஐந்து படிகள் செல்ல வேண்டுமானால் பிணைப்புகள் பெருகி வேலை கனக்கும். அதனால் சான்றுள்ள பதிவுகளைத் தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டு, பகுப்பாய்வுக்கு மட்டும் அவற்றை வலை ஆய்வு மென்பொருளுக்கு மாற்றுவது வழக்கம். 2003இல் வெளிவந்த சைட்டோஸ்கேப் என்னும் இலவச மென்பொருள் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது.

வலையில் எது முக்கியமான கணு? இரு அளவுகோல்களை மட்டும் இங்கே குறிப்பிடுவோம். ஒன்று, அதனோடு நேரே இணைந்த கோடுகளின் எண்ணிக்கை. மற்றொன்று, பிற கணுக்களுக்கிடையே உள்ள மிகக் குறுகிய பாதைகளில் எத்தனை அதன் வழியே செல்கின்றன என்பது. இரண்டும் ஒன்றல்ல. விஜயவாடா போன்ற சந்திப்பில் பல திசைத் தடங்கள் கூடுகின்றன. அது முதல் அளவில் உயர்ந்து நிற்கும். சிலிகுரியை அடுத்த குறுகிய இடைவழியில் உள்ள ஒரு சிறு நிலையத்துக்கு இருபுறமும் தலா ஓர் இணைப்பே உண்டு. ஆயினும் வடகிழக்கு மாநிலங்களை ஏனைய இந்தியாவோடு இணைக்கும் வண்டிகள் அவ்விடைவழியில்தான் சென்றாக வேண்டும். இரண்டாம் அளவு இத்தகைய கணுக்களைக் கண்டுபிடிக்கிறது.

கோடுகள் மிகுந்த புரதத்தை நீக்கினால் உயிரி மாளுமா? 2001இல் ஈஸ்ட் பற்றி வெளியான ஆய்வு ஒன்று இவ்வினாவை எழுப்பியது. 1,870 புரதங்களும் அவற்றிடையே 2,240 உறவுகளும் கொண்ட வலையில், ஐந்தோ அதற்குக் குறைவாகவோ கோடுகள் உடைய புரதங்களுள் சுமார் 21 சதவீதமே உயிர்வாழ இன்றியமையாதவை. பதினைந்துக்கு மேற்பட்ட கோடுகள் உடையவற்றுள் அது ஏறத்தாழ 62 சதவீதம். இவ்வாய்வு பெரும் ஆர்வத்தைக் கிளப்பியது. வலையின் மையத்தைத் தேடினால் மருந்தின் இலக்கு கிடைத்துவிடும் என்று பலர் நம்பத் தொடங்கினர். நம்பிக்கை முழுவதும் தவறன்று. ஆனால் அதில் ஒரு பொறி உள்ளது.

சான்று நிரலின் முக்கியத்துவம்

ஒரு புரதத்துக்குக் கோடுகள் மிகுதியாக இருப்பதற்கு இரு காரணங்கள் இருக்கலாம். அது உண்மையிலேயே பல புரதங்களோடு உறவாடலாம். அல்லது பல ஆய்வாளர்கள் அதையே திரும்பத் திரும்ப ஆராய்ந்திருக்கலாம். புகழ்பெற்ற புரதத்துக்கு ஆராய்ச்சி நிதி கிடைப்பது எளிது. நிதி கிடைத்தால் புதிய உறவுகள் காணப்படும். உறவுகள் பெருகினால் அது வலையின் மையமாகத் தோன்றும். மையமாகத் தோன்றுவதால் மேலும் நிதி. இந்தச் சுழலை வலையின் படம் நமக்குக் காட்டாது. சான்று அட்டவணையை எடுத்து, ஒவ்வொரு புரதத்தின் மீதும் எத்தனை ஆய்வுகள் நடந்தன என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியவரும்.

வெற்றிடத்தின் பொருளும் இதைப் போன்றதே. 4,000 புரதங்களிலிருந்து ஏறத்தாழ 80 இலட்சம் இணைகளை அமைக்கலாம். அவற்றுள் நேரடிச் செய்முறையால் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டவை சிறு பகுதியே. அட்டவணையில் ஓர் இணை இல்லையென்றால், உறவு இல்லை என்று பொருளா, எவரும் தேடவில்லை என்று பொருளா? தேடியும் காணாததை ஆய்விதழ்கள் அரிதாகவே வெளியிடுகின்றன. குடும்ப அட்டைப் பதிவேட்டில் ஒருவரின் பெயர் இல்லாததால் அவர் பிறக்கவே இல்லை என்று எவரும் முடிவு கட்டுவதில்லை. வலையில் மட்டும் அவ்வாறு முடிவு கட்டுவது எங்ஙனம் பொருந்தும்?

செய்முறையின் தன்மையும் எண்ணிக்கையை மாற்றிவிடும். ஒரு புரதத்தைத் தூண்டிலாகப் பயன்படுத்தி உயிரணுச் சாற்றிலிருந்து இழுத்தால், அதனோடு ஒட்டிக்கொண்டு ஒன்பது புரதங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பத்தில் எது எதை நேரே தொட்டுக்கொண்டிருந்தது என்பது தெரியாது. தூண்டிலுக்கும் மற்றவற்றுக்கும் மட்டும் கோடு போட்டால் 9 உறவுகள். பத்தும் ஒன்றையொன்று தொடுவதாகக் கொண்டால் 45 உறவுகள். ஒரே செய்முறை, ஒரே முடிவு, பதிவு செய்த முறையால் மட்டும் ஐந்து மடங்கு வேறுபாடு! இரு முறைகளில் எது பின்பற்றப்பட்டது என்பதை ஒரு நிரலில் எழுதி வைக்காவிட்டால், பின்னால் வருபவர் இவற்றைக் கலந்து எண்ணி, இல்லாத மையங்களைக் கண்டுபிடிப்பார்.

உலக அளவில் மிகுதியாகப் பயன்படும் ஸ்ட்ரிங் என்னும் தரவுத்தளம் 12,000க்கு மேற்பட்ட உயிரினங்களின் புரத உறவுகளைத் தாங்கியுள்ளது. நேரடிச் செய்முறை, மரபணுக்கள் அருகருகே அமைந்திருத்தல், ஒரே நேரத்தில் செயற்படுதல், ஒரே கட்டுரையில் இரு பெயர்களும் சேர்ந்து வருதல் எனப் பல வகைச் சான்றுகளுக்கு அது தனித்தனியே மதிப்பெண் தருகிறது. பின்னர் அவற்றை இணைக்கிறது. நுட்பத் திருத்தங்களை விட்டுச் சொன்னால் இணைக்கும் கணக்கு இது: ஒரு சான்றின் மதிப்பு 0.6, மற்றொன்றின் மதிப்பு 0.5 எனில், இரண்டும் பிழையாக இருப்பதற்கான வாய்ப்பு 0.4 பெருக்கல் 0.5, அதாவது 0.2. ஆகவே உறவின் மதிப்பு 0.8. இக்கணக்கு செல்லுபடியாக வேண்டுமானால் இரு சான்றுகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருத்தல் வேண்டும். கட்டுரையைப் படித்து வல்லுநர் பதிந்த உறவும், அதே கட்டுரையிலிருந்து கணிப்பொறி உரைதேடலால் எடுத்த உறவும் ஒரே சாட்சியின் இரு வாக்குமூலங்களே. கூட்டு மதிப்பை மட்டும் இறக்கிக்கொண்டு வலை வரையும் மாணவர், பிரித்துக் காட்டப்பட்டுள்ள நிரல்களையும் சேர்த்து இறக்கிக்கொள்வது நலம்.

இந்தியாவில் நடந்த இரு முயற்சிகள்

காசநோய்க் கிருமியின் வலையை ஆராய்ந்ததில் நம் நாட்டு விஞ்ஞானிகளுக்குச் சிறப்பிடம் உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட முறையில், கிருமியின் புரதங்கள் அனைத்தையும் படிப்படியாகச் சலித்தனர். வலையில் மையமானதா, வளர்சிதை மாற்றத்துக்கு இன்றியமையாததா, மனித உடலின் புரதங்களோடு ஒத்திருக்கிறதா, மருந்து ஒட்டும் பள்ளம் மனிதப் புரதத்திலும் உண்டா, நம் குடலில் வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் தாக்குமா என்று ஒவ்வொரு சல்லடையாகக் கடந்து முடிவில் 451 புரதங்கள் நின்றன. அட்டவணைகளைப் பிணைத்துக் கேள்வி கேட்கும் முறைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது.

அதே 2008இல் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு, திறந்தமுறை மருந்துக் கண்டுபிடிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் கீழ் நாடெங்கும் உள்ள மாணவர்கள் இணையத்தின் வழியே கூடி, காசநோய்க் கிருமியைப் பற்றிய ஆய்விதழ்களைப் படித்து, ஒவ்வொரு மரபணுவின் பணியையும் உறவையும் ஒரே ஒழுங்கில் பதிந்தனர். 2012இல் வெளியான முடிவில் 1,434 புரதங்களும் அவற்றிடையே 2,575 உறவுகளும் கொண்ட வலை இடம்பெற்றது. இதனை ஸ்ட்ரிங் தரவுகளோடு சேர்த்து ஆராய்ந்து 17 இலக்குகளை முன்மொழிந்தனர். அவற்றுள் ஐந்து ஏற்கெனவே வேறு வழிகளில் உறுதி செய்யப்பட்டிருந்தவை. கணிப்பின் மீது நம்பிக்கை ஏற்படுத்தும் செய்தி இது. எஞ்சிய பன்னிரண்டும் இலக்குகளே என்று அது நிறுவிவிடாது என்பதும் உண்மை. இம்முயற்சியின் பெரும்பயன் அந்தப் பதினேழு பெயர்களில் இல்லை, ஒவ்வொரு உறவுக்கும் பின்னால் படிக்கத்தக்க ஒரு கட்டுரையைக் குறித்து வைத்ததில்தான் உள்ளது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சல்லடைகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மனிதப் புரதத்தை ஒத்திருப்பவற்றை நீக்குக என்பது நியாயமான விதியே. ஆனால் 2012 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, பின்னர் நம் நாட்டிலும் வழங்கப்பட்டு வரும் பெடாகுயிலின் என்னும் மருந்தின் இலக்கு, கிருமியின் ஏ.டி.பி. உருவாக்கும் நொதி. அந்நொதிக்கு இணையானது மனித உயிரணுவின் மைட்டோகாண்டிரியாவிலும் உண்டு. பெயரளவில் ஒப்பிட்டுக் கண்மூடித்தனமாக நீக்கியிருந்தால், மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு நாம் பெற்றுள்ள சிறந்த கருவிகளுள் ஒன்று பட்டியலிலிருந்தே விழுந்திருக்கும். மருந்து பற்றும் இடத்தில் உள்ள நுண்ணிய வேறுபாடே மனிதனைக் காக்கிறது. ரிஃபாம்பிசினின் இலக்குக்கும் மனித உடலில் உறவினர் உண்டு. ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடியும் நிரலுக்குப் பதிலாக, எவ்வளவு ஒத்துள்ளது, எப்பகுதியில் ஒத்துள்ளது என்று எழுதும் நிரல் இருக்குமானால் இத்தகைய இழப்பைத் தவிர்க்கலாம்.

பதிவேட்டைப் பேணுவது யார்?

2003இல் பெங்களூரிலுள்ள உயிர்த்தகவலியல் நிறுவனமும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் இணைந்து மனிதப் புரதங்களுக்கான ஒரு தரவுத்தளத்தை வெளியிட்டன. உயிரியல் பயின்ற இளைஞர்கள் ஆய்விதழ்களை ஒவ்வொன்றாகப் படித்துக் கைப்படத் தொகுத்த களஞ்சியம் அது. 2010இல் வெளியான ஒன்பதாவது பதிப்பில் 30,000 புரதங்களும் 41,000க்கு மேற்பட்ட உறவுகளும் இருந்தன. உலகெங்கும் எண்ணற்ற ஆய்வுகளுக்கு அது ஆதாரமாயிற்று. அதற்குப்பின் புதிய பதிப்பு வரவில்லை. ஆயினும் 2010ஆம் ஆண்டின் வலையை அந்தந்த நாளின் வலையாகக் கொண்டு பின்னரும் ஆய்வுகள் நடந்தன. புதிய தரவுத்தளம் தொடங்குவதற்கு நிதி கேட்பது எளிது; திறப்பு விழா உண்டு. பழைய தரவுத்தளத்தில் பிழை திருத்தவும், பிணைந்துபோன எண்களைப் பிரிக்கவும், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் சான்றை நீக்கவும் சம்பளத்துக்கு நிதி கேட்பது கடினம். நூலகத்துக்குக் கட்டடம் கட்டிவிட்டு நூலகரை நியமிக்காத நிலை இது.

நம் நாட்டில் இதற்கான அமைப்பு இல்லாமல் இல்லை. உயிரித் தொழில்நுட்பத் துறை 1986-87இலேயே, உலகில் இணையம் பரவுவதற்கு முன்பே, பல பல்கலைக்கழகங்களையும் ஆய்வகங்களையும் இணைக்கும் உயிர்த்தகவல் மையங்களைத் தொடங்கியது. அக்காலத்தில் இது தொலைநோக்குள்ள செயல். 2022 நவம்பரில் அரியானா மாநிலம் பரீதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் திறக்கப்பட்டது. 4 பெட்டாபைட் சேமிப்புத் திறன் கொண்டது. அரசு நிதியில் நடக்கும் ஆய்வுகளின் உயிரியல் தரவுகளைப் பாதுகாத்துப் பகிர்வது அதன் பணி. பெட்டாபைட்டுகளைவிட, அங்கே வந்து சேரும் ஒவ்வொரு தரவோடும் செய்முறை, கருவி, நாள், மாதிரி எடுத்த இடம் ஆகியவை முறையாக எழுதப்படுகின்றனவா என்பதே பின்னாளைய பயனைத் தீர்மானிக்கும்.

பேணப்பட்ட பதிவேடு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குக் காசநோயிலேயே சான்று உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல், 38,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் கிருமி மாதிரிகளைத் தொகுத்து, 17,000க்கு மேற்பட்ட மரபணு மாற்றங்களை ஒரு பட்டியலாக வெளியிட்டது. ஒவ்வொரு மாற்றமும் எந்த மருந்துக்கு எதிர்ப்பைத் தருகிறது, அம்முடிவு எவ்வளவு உறுதியானது என்பது வகைப்படுத்தப்பட்டிருந்தது. ஐயத்துக்குரியவை ஐயத்துக்குரியவை என்றே குறிக்கப்பட்டன. 2023இல் 52,000க்கு மேற்பட்ட மாதிரிகளோடு அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. முதற்பதிப்பில் உறுதியற்றவையாக இருந்த பல மாற்றங்கள் அதில் மீண்டும் மதிப்பிடப்பட்டன. சளி மாதிரியில் கேட்-ஜி, ஆர்.பி.ஓ.-பி மரபணுக்களின் மாற்றத்தைப் படித்து எந்த மருந்து பலிக்காது என்று சொல்லும் ஆய்வுக்கூடப் பணியாளர், தம் விடைத்தாளை இத்தகைய அட்டவணையோடுதான் ஒப்பிடுகிறார். அவர் காணும் நிரையில் ‘உறுதி’ என்றிருந்தால் மருத்துவர் மருந்தை மாற்றுகிறார். ‘தெளிவில்லை’ என்றிருந்தால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பழைய சோதனைக்கு மாதிரியை அனுப்பிவிட்டுச் சில வாரங்கள் காத்திருக்கிறார்.